ஆயாவின் சாராய வீட்டிலிருந்து: ஹியூ மசெகேலாவின் வாழ்க்கை வரலாறு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு எங்களில் ஏழெட்டுப் பேர் கலையாமல் உட்கார்ந்து, மாதத்துக்கு ஒருவராகத் தாம் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. புத்தகம் எந்த மொழியிலும் இருக்கலாம், பேச்சு மட்டும் தமிழில் இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. என் முறை வந்தபோது நான் எடுத்துச் சென்றது, எங்கள் நாட்டு ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசெகேலாவின் வாழ்க்கை வரலாறான ‘ஸ்டில் கிரேசிங்’. அமெரிக்கப் பத்திரிகையாளர் டி. மைக்கேல் சியர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு மசெகேலாவே எழுதிய இந்த நூலை நியூயார்க்கின் கிரவுன் பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. டர்பனில் ஒரு பழைய புத்தகக் கடையில் 140 ராண்டுக்கு எனக்குக் கிடைத்த படியில் அட்டை விட்டுப் போயிருந்தது. முன்பு வைத்திருந்தவர் மது, கொக்கேய்ன் என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். அன்று வகுப்பறையில் இருபது நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தப் புத்தகத்தை வாங்கியதற்குக் காரணம் என் சித்தப்பா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவரிடம், டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா இசைத்தட்டுகளுக்கு நடுவே, ‘கிரேசிங் இன் த கிராஸ்’ என்ற சிறிய 45 சுற்றுத் தட்டு ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகன் பாடல்கள் முடிந்து ஆட்டுக்கறி அடுப்பில் வேகத் தொடங்கியதும் அதைத்தான் போடுவார். விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்சுக்குப் போய் ஜாஸ் கேட்ட தலைமுறை அவருடையது. கறுப்பர்களும் இந்தியர்களும் ஒரே மேடையில் வாசித்த இடம் அது என்று பெருமையாகச் சொல்வார். அந்தத் தட்டில் ஊதியவர் யார், எந்த ஊர், ஏன் அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊதினார் என்பதையெல்லாம் நான் அப்போது கேட்டதில்லை. கேட்க நினைத்தபோது சித்தப்பா இல்லை.

நூலின் மிகச் சிறந்த பகுதி அதன் தொடக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மசெகேலா 1939 ஏப்ரல் 4 அன்று விட்பேங்க் என்னும் நிலக்கரி நகரத்தையொட்டிய குடியிருப்பில் பிறந்தார். அந்த ஊரின் இன்றைய பெயர் எமலாஹ்லேனி. தந்தை சுகாதார ஆய்வாளராகவும் சிற்பியாகவும் இருந்தவர். தாய் சமூகப் பணியாளர். படித்த குடும்பம்தான். ஆனால் பிள்ளையைச் சிறு வயதில் வளர்த்தவர் பாட்டி ஜொஹானா. எங்கள் வீடுகளில் ஆயா என்று அழைப்போமே, அப்படிப்பட்ட ஆயா. அவர் தம் வீட்டில் ஷெபீன் நடத்தினார். ஷெபீன் என்றால் அரசின் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கும் சாராயக் கடை. அதே நேரத்தில் சுரங்கத் தொழிலாளி தன் சொந்த ஊரை நினைத்து அழுவதற்கு உரிமை பெற்ற ஒரே அறையும் அதுதான். குடித்துவிட்டு அவர்கள் சொன்ன கதைகளையும் பாடிய பாட்டுகளையும் கேட்டுத்தான் அந்தச் சிறுவன் வளர்கிறான். வீட்டுக் கிராமபோனோ மறுபக்கம் அமெரிக்க ஜாஸை அவன் காதில் ஊற்றுகிறது.

டர்பன்வாசிக்கு இந்தப் பக்கங்களில் கூடுதலாக ஒன்று கேட்கும். ஆப்பிரிக்கர்கள் பீர் காய்ச்சி விற்பதைத் தடைசெய்து, அந்த வியாபாரத்தை நகராட்சியே தனியுரிமையாக எடுத்துக்கொண்டு, வரும் லாபத்தைக் கொண்டே ஆப்பிரிக்கர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தை நடத்தும் முறை 1909 அளவில் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. வரலாற்று நூல்களில் அதற்குப் பெயரே ‘டர்பன் முறை’. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெண்கள் திரண்டு நகராட்சியின் பீர்க்கடைகளைத் தாக்கியது இந்த முறைக்கு எதிராகத்தான். ஜொஹானா பாட்டியின் வீட்டுக்குள் போலீஸ் நுழையும்போது அது ஏதோ விட்பேங்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் உள்ளூர்க் கதை என்று எங்களால் ஒதுங்கிக்கொள்ள முடிவதில்லை.

ட்ரம்பெட் கைக்கு வந்த கதையை மசெகேலா மேடைகளிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு ட்ரம்பெட் கலைஞனின் வாழ்க்கையைக் காட்டிய, கர்க் டக்ளஸ் நடித்த 1950ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டுப் பையன் மயங்கிப்போகிறான். ஜோஹனஸ்பர்க்கின் ரோசட்டன்வில்லில் இருந்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் அடங்காத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தவன், பாதிரியார் ட்ரெவர் ஹட்ல்ஸ்டனிடம் போய், ஒரு ட்ரம்பெட் மட்டும் வாங்கிக் கொடுத்தால் இனி யாருக்கும் தொல்லை தரமாட்டேன் என்று பேரம் பேசுகிறான். பாதிரியார் வாங்கிக் கொடுக்கிறார். பிறகு நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்த ஹட்ல்ஸ்டன் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைச் சந்தித்து இந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல, ஆம்ஸ்ட்ராங் தம்முடைய ட்ரம்பெட் ஒன்றையே அனுப்பிவைக்கிறார். அதைக் கையில் ஏந்தி மசெகேலா துள்ளும் புகைப்படம் இந்நாட்டில் பலரும் பார்த்ததுதான். நூறு முறை சொல்லப்பட்ட கதை என்றாலும் புத்தகத்தில் இதன் பின்னணி விரிகிறது: கறுப்பர்களுக்குத் தாழ்ந்த கல்வியையே விதித்த பான்டு கல்விச் சட்டத்துக்குப் பணிவதைவிட மூடிவிடுவதே மேல் என்று அந்தப் பள்ளி 1956இல் மூடப்பட்டது. ஒரு பையனுக்கு ட்ரம்பெட் கிடைத்ததும் அவனுடைய பள்ளி இல்லாமல் போனதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

‘கிங் காங்’ இசை நாடகம், டாலர் பிராண்ட் என்று அப்போது அறியப்பட்ட அப்துல்லா இப்ராஹிம், கிப்பி மொயெகெட்சி, ஜோனாஸ் க்வாங்வா ஆகியோருடன் சேர்ந்து அமைத்த ஜாஸ் எபிசில்ஸ் குழு, 1960இல் வெளிவந்த அவர்களுடைய ஒரே இசைத்தட்டு ஆகியவை வேகமாகக் கடந்து செல்கின்றன. ஜாஸ் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த வேகம் ஏமாற்றம் தரும், எனக்கும் தந்தது. அந்த ஆண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், நிறவெறி அரசின் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் மாண்டார்கள். கூட்டம் கூடுவதே குற்றமாகிவிட்ட நாட்டில் ஜாஸ் குழு யாருக்கு வாசிக்கும்? மே மாதத்தில் இருபத்தொரு வயது மசெகேலா லண்டனுக்கு விமானம் ஏறுகிறார். திரும்பி வர முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

லண்டனிலிருந்து அமெரிக்கா போன பிறகான பகுதியில் இரண்டு இடங்கள் நினைவில் நிற்கும். ஒன்று, அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் சொன்ன புத்திமதி. அமெரிக்க ஜாஸை எங்களைப்போலவே வாசித்தால் ஆயிரத்தில் ஒருவனாக இருப்பாய், உன் ஊர்ச் சரக்கைக் கலந்து வாசி என்ற பொருளில் அவர் சொல்கிறார். இதை நான் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், டர்பனில் பிறந்த நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்றார். இரண்டாவது, சித்தப்பாவின் தட்டு பிறந்த கதை. ஒரு இசைத்தட்டுக்கு இன்னும் ஒரு பாடல் குறைகிறது என்பதால், ஸாம்பியாவில் கேட்ட ஒரு வேடிக்கைப் பாட்டின் நினைவிலிருந்து, மாட்டு மணி தட்டும் தாளத்தோடு, ஃபிலெமோன் ஹூ என்னும் தென்னாப்பிரிக்கக் கலைஞர் கட்டிய மெட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் அவசரமாக வாசித்து முடிக்கிறார்கள். இடம் நிரப்ப வாசித்த அந்தப் பாடல் 1968 ஜூலையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்துதான் நூலின் தலைப்பும் வருகிறது: இன்னும் மேய்ந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள். தமிழில் ‘ஊர் மேய்வது’ என்று ஒரு வழக்கு இருப்பதை அறிந்தவர்கள், புத்தகத்தின் நடுப்பகுதியைப் படித்த பிறகு, இந்தத் தலைப்பு ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் கூடுதலாகப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்வார்கள்.

அந்த நடுப்பகுதிதான் நூலின் பலவீனம். வெற்றி, பணம், விருந்து, போதை, புதிய பெண், சண்டை, அடுத்த ஊர் என்ற வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதல் இரண்டு சுற்றுகளில் இருக்கும் அதிர்ச்சி மூன்றாவதில் குறைந்து, ஐந்தாவதில் பக்கத்தைத் தள்ளச் சொல்கிறது. பெயர்கள் வந்து குவிகின்றன. ஒரு பத்தியில் அறிமுகமானவர் அடுத்த பத்தியில் காணாமல் போகிறார். பல பத்தாண்டுகளுக்கு முன்பு, அதுவும் போதையில், நடந்தவற்றை இவ்வளவு நுணுக்கமாக ஒருவரால் நினைவில் வைத்திருக்க முடியுமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. உடன் எழுதியவர் இங்கே கொஞ்சம் கத்தரிக்கோலை எடுத்திருக்கவேண்டும்.

பாடகி மிரியம் மக்கேபாவுடனான மணவாழ்க்கையைச் சொல்லும் இடத்திலும் எனக்குக் குறை உண்டு. 1964இல் மணந்து 1966இல் பிரிந்தார்கள். தம்மை அமெரிக்காவுக்குக் கொண்டுவர உதவிய, தம்மைவிட மூத்த, தம்மைவிடப் புகழ்பெற்ற பெண்ணிடம் தாம் நடந்துகொண்ட விதத்தை மசெகேலா மறைக்கவில்லை, தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆயினும் தவறு செய்தவரே எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் அது ஒரு பக்கம்தான். மக்கேபா நோம்சா ம்வாமுகாவுடன் சேர்ந்து எழுதிய தம் வரலாறும் அதே 2004இல் வெளிவந்தது; இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. நான் மக்கேபாவை முதலில் படித்திருந்ததால், மசெகேலா மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசிய சில இடங்களில் எனக்கு மனம் இளகவில்லை.

இனி நான் இந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். 1974ஆம் ஆண்டு இசைத்தட்டில் வந்த ‘ஸ்டிமேலா’ என்ற பாடலைக் கேட்டிராத தென்னாப்பிரிக்கர் குறைவு. நீராவி ரயிலுக்கு ஸுலு மொழியில் வழங்கும் பெயர் அது. மலாவி, மொசாம்பிக், லெசூத்து, ஸாம்பியா, அங்கோலா என்று தெற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் இளைஞர்களையும் முதியவர்களையும் ஜோஹனஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களுக்கு இழுத்துவரும் ரயிலைப் பற்றி அவர் முதலில் பேசுகிறார். பிறகு வாயாலேயே அந்த ரயிலாக மாறி நீராவி விடுகிறார், ஊதுகிறார், மூச்சிரைக்கிறார். ட்ரம்பெட் வருவதற்கு முன்பே நம் நெஞ்சில் சக்கரம் ஓடத் தொடங்கிவிடும். மேடையில் அவர் இதைச் செய்வதைப் பார்த்தவர்கள் அது ஒரு வித்தை என்று நினைத்திருக்கலாம். தொடக்க அத்தியாயங்களைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியாது. அந்த ரயிலில் வந்த மனிதர்களின் ஒரு பகுதியினர்தான் ஜொஹானா பாட்டியின் வீட்டில் குடித்துவிட்டு ஊர்க்கதை சொன்னவர்கள். நான்கைந்து வயதில் கேட்ட குரல்களுக்கு முப்பத்தைந்தாவது வயதில், வேறொரு கண்டத்தில், மூச்சு கிடைத்திருக்கிறது.

எங்களுக்குக் கப்பல் எப்படியோ அவர்களுக்கு ரயில் அப்படி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் டர்பன் துறையில் இறங்கியதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டம் என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் வடக்கு நேட்டாலின் டண்டி, நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களிலும் நம்மவர்கள் தலைமுறையாக இறங்கினார்கள்; 1913 அக்டோபரில் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் பெண் சத்தியாக்கிரகிகளும் போய்ப் பேசியபோது, ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மீது போட்ட மூன்று பவுன் தலைவரிக்கு எதிராக முதலில் வேலையை நிறுத்தியவர்கள் அந்த நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள்தான். அவர்கள் என்ன பாடினார்கள், மாலையில் எந்த வீட்டில் உட்கார்ந்து குடித்தார்கள், யாரை நினைத்து அழுதார்கள் என்பதை எழுதிவைத்த ஒரு பேரப்பிள்ளை நமக்கு இல்லை. நம் சபைகள் வெளியிட்ட வெள்ளிவிழா மலர்களும் நூற்றாண்டு மலர்களும் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. அவற்றில் வரும் முன்னோர்கள் அனைவரும் கோயில் கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள், மாலையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் குடித்ததில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலிக்கு ரம் என்னவெல்லாம் செய்தது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தும், சாராயம் என்ற சொல்லே அந்த மலர்களில் நான் பார்த்ததில்லை.

ஆகவே மசெகேலா தம் குடியையும் கொக்கேய்னையும் மறைக்காமல் எழுதியது, அது சலிப்பூட்டும் அளவுக்கு நீண்டபோதும், எனக்கு மதிப்புக்குரியதாகவே தோன்றுகிறது. 1997இல் இங்கிலாந்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து அவர் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருகிறார். திரும்பி வந்து, போதையில் சிக்கிய இசைக்கலைஞர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றையும் தொடங்குகிறார். இந்தப் பகுதியில் அவர் உபதேசம் செய்யாமல் இருப்பது பெரிய நிம்மதி. குடித்தபோது வாசித்ததும் நல்ல வாசிப்புதான் என்பதையும் அவர் மறுக்கவில்லை, அதற்காக அந்தக் குடியை நியாயப்படுத்தவும் இல்லை.

போட்ஸ்வானா ஆண்டுகளைப் பற்றிய பகுதியில் நடை மீண்டும் இறுகுகிறது. தாய்நாட்டின் எல்லைக்கு அருகே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டு, வானொலி கேட்கும் தூரத்தில் ஆனால் கால் வைக்க முடியாத தூரத்தில் வாழ்ந்த காலம் அது. 1985 ஏப்ரலில், பொல்ஸ்மூர் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவிடமிருந்து ரகசியமாக ஒரு பிறந்தநாள் வாழ்த்துக் கடிதம் வந்துசேருகிறது. சிறையில் இருப்பவர் வெளியில் இருப்பவனுக்கு ஊக்கம் சொல்லி எழுதியிருக்கிறாரே என்று மனம் உடைந்தவர் பியானோவுக்கு முன் உட்கார, மண்டேலாவை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்ற பாடல் பிறக்கிறது. இரண்டே மாதத்தில், ஜூன் 14 அன்று, தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி, போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் வீடுகளுக்குள் புகுந்து சுட்டதில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பாலேயும் மனைவி லின்டியும் கொல்லப்படுகிறார்கள். அவர் மறுபடியும் மூட்டை கட்டுகிறார். இந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூட மிகையில்லை.

‘சரஃபினா’ இசை நாடகத்துக்காக நாடகாசிரியர் எம்போங்கெனி என்கெமாவுடன் வேலை செய்த பகுதியை டர்பன் இந்தியர் ஒருவர் நிதானமாகப் படிப்பது கடினம். அதே என்கெமா 2002இல் வெளியிட்ட ‘அமாண்டியா’ என்ற பாடல் இந்தியர்கள்மீது வெறுப்பைத் தூண்டுகிறது என்று ஒலிபரப்புப் புகார் ஆணையம் தீர்ப்பளித்து அதை வானொலியில் ஒலிக்கவிடாமல் தடுத்தது; மண்டேலாவே தலையிட்டு அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்த நினைவை ஒதுக்கிவைத்துவிட்டு ‘சரஃபினா’வின் இசையைக் கேட்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. நூலின்மேல் இதனால் எனக்குப் புகார் இல்லை; படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து ஒரு பெயர் வேறுவேறாக ஒலிக்கும்.

நடைமுறைச் செய்திகள் சில. ஆங்கிலம் எளியது, பேசுவதுபோல் ஓடுவது. செசூத்து, ஸுலுச் சொற்கள் அங்கங்கே வந்தாலும் பொருள் தடைபடாது. கெட்ட வார்த்தைகளும் படுக்கையறைச் செய்திகளும் தாராளமாக இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். வெறும் புத்தகமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு பாடலும் பெயர் சொல்லப்படும் இடத்தில் நிறுத்தி அதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தேன், அதனால் எனக்கு ஆறு வாரம் பிடித்தது. நூல் 2004இல் நின்றுவிடுகிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக் கொண்டாட்டத்தில் அவர் வாசித்ததும், 2018 ஜனவரி 23 அன்று புற்றுநோயால் மறைந்ததும் இதில் இல்லை. கிடைக்கும் விலையில் வாங்கலாம். முதல் நூறு பக்கமும் ‘ஸ்டிமேலா’வும் போட்ஸ்வானாவும் அந்த 140 ராண்டுக்கு மேல் பெறும், நடுவில் அமெரிக்காவை வேகமாகப் புரட்டுவதில் பாவமில்லை.

என் படி இப்போது எங்கள் கூட்டத்தின் மூத்தவரான ஓர் அக்காவிடம் இருக்கிறது. அன்று நான் பேசி முடித்ததும் அவர், தம் பாட்டியும் வீட்டுப் பின்கட்டில் சாராயம் காய்ச்சி விற்றவர்தான் என்று, எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் எங்களிடம் சொன்னது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் அவருடைய முறை; புத்தகம் எதுவும் கொண்டுவரப்போவதில்லை, ஆயாவைப் பற்றியே பேசிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறோம்.